வாசகர் கேள்வி–பதில்: பத்தடிக் கூடத்தில் பந்தி

கேள்வி: திருக்கடையூரில் என் மாமனாரின் மணிவிழாவை முடித்துக்கொண்டு வந்து, மறுநாள் 24 உறவினர்களுக்கு வீட்டிலேயே இலை போட்டுச் சாப்பாடு பரிமாற விரும்புகிறோம். கூடம் 10 அடி அகலம், 14 அடி நீளம். இருப்பதோ ஆறு பேர் அமரும் சாப்பாட்டு மேஜை ஒன்றுதான். மூன்றாம் மாடி என்பதால் வாடகை மேஜைகளை ஏற்றுவதும் சிரமம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைத் தரையில் உட்கார வைக்கவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, மதுரை

பதில்: முதல் வேலையாகச் சாப்பாட்டு மேஜையைப் பந்தியிலிருந்து விலக்கிவிடுங்கள். மூன்றடி அகலமுள்ள மேஜையைச் சுற்றிலும் ஆட்களை அமர்த்திவிட்டால், பரிமாறுபவர் ஒவ்வொருவருடைய தோளுக்கு மேலாகவும் கையை நீட்டிச் சாம்பார் ஊற்ற வேண்டியிருக்கும். அந்த மேஜை சமையலறை வாசலருகே நின்று, சாதத் தட்டையும் குழம்பு வாளிகளையும் தாங்கினால் போதும். நம்முடைய பந்தி ஒரு பக்கம் மட்டுமே ஆட்கள் அமர்வதற்காக ஏற்பட்டது. எதிர்ப்பக்கம் பரிமாறுபவருக்கு உரியது.

மரக்கடையில் 8 அடிக்கு 4 அடி அளவுள்ள, 18 மி.மீ. தடிமனான ஒரு பிளைவுட் பலகையை வாங்கி, அங்கேயே நீளவாக்கில் இரண்டாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டடி அகலமுள்ள துண்டுகளை மாடிப்படியில் ஏற்றுவது எளிது. விருந்து முடிந்தபின் பரணுக்கும் அலமாரித் தட்டுக்கும் அவை பயன்படும். இவற்றைத் தாங்கும் கால்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. படிப்பு மேஜை, கணினி மேஜை, தையல் இயந்திர மேஜை ஆகிய மூன்றும் பெரும்பாலும் 30 அங்குல உயரத்தை ஒட்டியே இருக்கும் என்பதால், 18 அங்குல நாற்காலியில் அமர்ந்து இலையில் பிசைந்து உண்ண அந்த உயரம் பொருந்தும். நாலடிப் படிப்பு மேஜையை ஒரு முனையிலும் தையல் மேஜையை மறுமுனையிலும் நிறுத்தினால், இடையில் பலகை தாங்கலின்றி நிற்கும் தூரம் மூன்றடிக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் போனால் நடுவில் தொய்யும். இயந்திரத்தை உள்ளே மடித்துவிட்டு, வாரைக் கழற்றி, மிதியைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் அங்கே அமர்பவரின் கால் பட்டு அது ஆடிக்கொண்டே இருக்கும். மற்றொரு பலகைக்குக் கணினி மேஜையோடு எதிர்வீட்டுப் படிப்பு மேஜையையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உயரம் சற்றே குறைந்தால் மடித்த அட்டையை வைத்துச் சமன் செய்யுங்கள். இஸ்திரி மேஜையை மட்டும் நம்ப வேண்டாம், அது ஆடும்.

இரண்டு பலகைகளையும் நீளச் சுவர்களுக்கு இணையாகப் போட்டு, சுவரோரம் நாற்காலிகளை இட்டால், நடுவில் ஏறத்தாழ இரண்டரை அடி வழி கிடைக்கும். வாளியுடன் ஒருவர் நடக்க அது போதும், இருவர் எதிரெதிரே கடக்க முடியாது. ஆகவே பொரியல் வைப்பவர் திரும்பி வந்த பிறகே கூட்டு வைப்பவர் உள்ளே செல்லட்டும். ஒருவருக்கு இரண்டடி வீதம் பலகைக்கு நால்வர், பந்திக்கு எட்டுப் பேர், ஆக மூன்று பந்திகள். மூன்று பந்தியா என்று நீங்கள் தயங்கக்கூடும். நான் அதைக் குறையாகக் கருதவில்லை. எட்டுப் பேர் என்றால் யாருக்கு ரசம் வேண்டும், யார் மோருக்குக் காத்திருக்கிறார் என்பது பரிமாறுபவரின் கண்ணில் படும்.

சுவரோரம் அமர்ந்தவர் நடுவிலிருந்து எழுந்து வருவது கடினம் என்பதால், பெரியவர்களுக்குக் கை கழுவும் இடத்தை ஒட்டிய முனைகளைக் கொடுங்கள். கையூன்றி எழுவதற்குக் கைப்பிடி வைத்த நாற்காலி அவர்களுக்கு அவசியம். நடுவில் கைப்பிடி இல்லாதவையே இடத்துக்குள் அடங்கும். அறுத்த விளிம்பில் சேலை சிக்காமலிருக்க, எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்துப் பலகைமேல் விரித்து, அதன்மேல் காகிதச் சுருளை ஓட்டிவிட்டு இலை போடுங்கள். சோபாவைப் படுக்கையறைக்கு அனுப்பிவிட்டால், அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்கள் அதிலும் கட்டிலிலும் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு ஊஞ்சல் பலகையை விருந்தன்று சாப்பாட்டு மேஜையாகப் பயன்படுத்தலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: சங்கிலியில் தொங்கும்போது வேண்டாம். எவ்வளவு இறுகக் கட்டினாலும் அது அசையும், சூடான ரசம் மடியில் கொட்டும். கழற்றி எடுத்தால் மேஜையைவிட நல்ல பெஞ்சாகும்: 16 அங்குல உயரமுள்ள இரண்டு உறுதியான மர ஸ்டூல்களின்மேல் இரண்டு அங்குலப் பலகையை வைத்தால், நாற்காலியின் உயரம் அப்படியே வந்துவிடும். ஸ்டூல்கள் பலகையின் இரு முனைகளுக்கும் அடியிலேயே இருக்கட்டும். உள்ளே தள்ளி வைத்தால், ஓரத்தில் அமர்ந்தவரோடு பலகை தூக்கிக்கொள்ளும். தேக்குப் பலகை கனமானது என்பதால், கழற்றும்போது இருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.