ஆக்சிஜன் தோம்புக்குக் கூண்டு செய்யலாமா?

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட்டில் சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டத்து ஆலைகளுக்கும் பிக்கப்பில் போய் வேலை செய்கிறேன். ஆக்சிஜன், அசிட்டிலின் தோம்புகளோடு (சிலிண்டர்களோடு) வரும் இரும்பு மூடி உயரமாக இருக்கிறது, துருப்பிடித்து இறுகிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் வாயு அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டுவதும் பெரிய தொல்லை. ரெகுலேட்டரையும் சேர்த்து மறைக்கிற மாதிரி, கைக்கு அடக்கமான ஒரு கூண்டை 3 மில்லிமீட்டர் தகட்டில் செய்து தோம்பின் தோளில் பொருத்தலாமா? கடையில் ஒருவர் பிளாஸ்டிக் கவர் 85 வெள்ளி என்கிறார். அதையே வாங்கிவிடலாமா?

பதில்: கூண்டு செய்யலாம் தம்பி. ஆனால் தோம்பில் பொருத்தாதீர்கள், தள்ளுவண்டியில் பொருத்துங்கள்.

தோம்பு உங்களுடையது இல்லை, வாடகைக்கு வந்தது. அதன் தோளில் ஒரு பொட்டு வெல்டிங் வைத்தாலும் அந்த இடத்து இரும்பின் குணம் மாறிவிடும். நிரம்பிய ஆக்சிஜன் தோம்புக்குள் சுமார் 150 பார் அழுத்தம் இருக்கிறது. கார் டயரில் 2 பார் சொச்சம்தான். துளை போடுவதும் அதே கதைதான்.

வண்டியின் பின்சட்டத்திலிருந்து இரண்டு குழாய்களை மேலே இழுத்து, வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் மேலாக வளைத்துக் கொண்டுவாருங்கள். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தரையில் முதலில் மோதுவது அந்த வளைவாக இருக்க வேண்டும். தோம்பைச் சங்கிலியால் வண்டியோடு கட்டாவிட்டால் இதெல்லாம் வீண். தகட்டில் பெட்டி மாதிரி மூடாதீர்கள், கசியும் வாயு உள்ளேயே தேங்கும்.

கைக்கு அடக்கம் என்றால் சின்னதாகச் செய்வது என்று பலரும் நினைக்கிறார்கள். தோல் கையுறையை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிப் பாருங்கள். வால்வுச் சக்கரத்தைப் பிடித்து முழுதாகச் சுற்றும்போது விரல் முட்டி எங்கும் இடிக்கக் கூடாது. கதவு, கொக்கி எதுவும் வேண்டாம். ஹோஸில் தீப்பிடித்தால் கொக்கியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இந்தக் கூண்டு வேலை நடக்கும் இடத்துக்கு மட்டும்தான். பிக்கப்பில் ஏற்றுவதற்கு முன் வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, தோம்போடு வந்த இரும்பு மூடியைத் திருகியே ஆக வேண்டும். தொல்லைதான், தெரியும். செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் பிக்கப் குலுங்கும்போது ரெகுலேட்டரோடு ஒரு தோம்பு சாய்ந்தால் வால்வு ஒடியும். அப்புறம் அறுபது கிலோ இரும்பு ராக்கெட் மாதிரி கிளம்பும்.

மூடி இறுகிவிட்டால் என்ன செய்வது? என் பட்டறையில் வேலை பழகிய பையன் ஒருவன், மூடியின் பக்கத் துளையில் இரும்புக் கம்பியை நுழைத்து நெம்பினான். மூடி அசையவில்லை. உள்ளே இருந்த வால்வுச் சக்கரம் திரும்பிக்கொண்டது. 'உஸ்' என்று கிளம்பிய சத்தத்தில் எதிர்க் காப்பிக் கடையே எழுந்து நின்றது. மூடி இறுகியிருந்ததால் சக்கரத்தைத் திருப்பி மூடவும் வழியில்லை. அந்தத் துளைகள் நெம்புவதற்கு இல்லை. உள்ளே கசிந்தால் வாயு இரண்டு பக்கமும் சமமாக வெளியேறி, தோம்பை ஒரு பக்கமாகத் தள்ளாமல் இருக்கத்தான் எதிரெதிரே வைத்திருக்கிறார்கள். துருவுக்கு எண்ணெய் அடிப்பதும் கூடாது. ஆக்சிஜன் அருகே எண்ணெய் போனால் அதுவே தீ. மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பட்டை ஸ்பானர் போட்டுப் பாருங்கள். வரவில்லையா, தோம்பைத் திருப்பி அனுப்புங்கள்.

திருப்பி அனுப்பு என்று சொல்வது எனக்குச் சுலபம். ஏஜெண்டு லோரியில் இருந்து தோம்பை உருட்டி இறக்கிவிட்டு, "மூடி அப்புறம் வரும் அண்ணே" என்று போய்விடுவான். வராது. காலித் தோம்பை எடுக்க வரும்போது மட்டும் "மூடி எங்கே?" என்று கேட்டு வைப்புத் தொகையில் கழிப்பான். மூடி இல்லாத தோம்பை லோரியில் இருந்து இறக்கவே விடாதீர்கள். ரசீதில் 'மூடியோடு' என்று எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். நான் புகார் கொடுத்தபோது அலுவலகத்தில் கம்பெனியைக் கேட்கச் சொன்னார்கள், கம்பெனியில் ஏஜெண்டைக் கேட்கச் சொன்னார்கள். ஏஜெண்டு போனையே எடுக்கவில்லை.

அந்த 85 வெள்ளிக் கவரா? வால்வு மூடிகளுக்கென்றே ஐஎஸ்ஓ 11117 என்று ஒரு தரவிதி இருக்கிறது. அதில் தோம்பை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து, மூடியில் அடிபடும்படி விழவைத்துச் சோதிக்கிறார்கள். கவரில் அந்த எண் இருக்கிறதா என்று கடைக்காரரைக் கேளுங்கள். "சிரிம் ஸ்டிக்கர் இருக்கே" என்பார், அது மலேசியத் தர நிறுவனத்தின் முத்திரை. எதற்குக் கொடுத்த ஸ்டிக்கர் என்று கேட்டால் பேச்சு மாறும். மெல்லிய பிளாஸ்டிக் தூசியைத் தடுக்கும், அடியைத் தாங்காது.

இவ்வளவும் ஆக்சிஜனுக்கு. அசிட்டிலினுக்கு இவற்றோடு இன்னும் சில உண்டு. சில அசிட்டிலின் தோம்புகளில் சக்கரமே இருக்காது. சதுரத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், சாவி போட்டுத்தான் திருப்ப வேண்டும். வேலை முடியும்வரை அந்தச் சாவி தண்டிலேயே இருக்க வேண்டும், சட்டைப் பையில் இல்லை. ஆகவே கூண்டில் சாவி உயரத்துக்கு மேலே இடம் விடுங்கள், அது திரும்புவதற்குப் பக்கத்திலும் விடுங்கள். அதன் தோளிலோ வால்விலோ, சூடானால் சுமார் 100 பாகை செல்சியஸில் உருகும் பாதுகாப்பு அடைப்பு இருக்கலாம். அதன் எதிரே எந்தக் குழாயும் வரக் கூடாது. தோம்பு எப்போதும் நிமிர்ந்தே நிற்கட்டும். உள்ளே இருக்கும் அசிட்டோன் திரவத்தில்தான் வாயு கரைந்திருக்கிறது, படுக்கவைத்துத் திறந்தால் திரவமே ஹோஸுக்குள் வரும். சாவியை ஒரு சின்னச் சங்கிலியில் கோத்து வண்டியில் மாட்டுங்கள், அது தண்டுவரை தாராளமாக எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் குழாயை வளையுங்கள்.