2020இல் பள்ளிகள் திடீரென்று மூடப்பட்டபோது, ஆசிரியர்களாகிய நீங்கள் வீட்டிலிருந்து பாடம் நடத்துவதை எப்படிச் சமாளித்தீர்கள்?

நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறைப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாம் ஆண்டு ஆசிரியர்களுக்கு, தொடக்கப்பள்ளி முடிவில் அப்போது இருந்த அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் என்ன ஆகுமோ என்ற கவலை. ஏப்ரலில் அது ரத்தானது. எனக்கு இருந்த கவலை வேறு: ஏழு வயதுப் பிள்ளையின் கையைப் பிடிக்காமல் எழுத்தை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

மார்ச் 13, வெள்ளிக்கிழமை. மறுநாளிலிருந்து ஒரு வாரத் தவணை விடுமுறை என்பதால் பிள்ளைகள் புத்தகங்களை மேசைக்கடியில் வைத்துவிட்டு, காலிப் பையோடு ஓடினார்கள். 18ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. அந்த மேசைக்கு அவர்கள் திரும்பியது ஜூலை 22இல்தான்.

முதல் இரண்டு வாரம் எல்லாரையும் போல நானும் காலை ஒன்பது மணிக்குக் கூகிள் மீட் திறந்தேன். 24 பேரில் ஏழு பேர் வந்தார்கள். அந்த ஏழு பேரை வைத்துப் பாடத்தை நகர்த்துவது சரியில்லை என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். மூன்று நாள் பிடித்தது. அந்த ஆண்டு நான் செய்தவற்றில் உருப்படியான வேலை இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

"டீச்சர், போன் அவர்கிட்டதான் இருக்கு. வேலை முடிஞ்சு அவர் வர ராத்திரி ஏழரை ஆகும்." கிட்டத்தட்ட இதே பதிலைப் பல வீடுகளில் கேட்டேன். வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதற்கு மூன்று பிள்ளைகள் போட்டி. கல்வி அமைச்சின் கணக்கெடுப்பிலேயே 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று வந்தது. ஏப்ரல் 1 முதல் நாளுக்கு 1 ஜிபி டேட்டா இலவசமாகக் கிடைத்தது, உண்மை. ஆனால் அது காலை 8 முதல் மாலை 6 வரைதான். அந்த நேரத்தில் எங்கள் பிள்ளைகளின் கைப்பேசி, பிறை தொழிற்பேட்டையில் ஏதோ ஓர் ஆலையில், அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது.

அதனால் என் வகுப்பு இரவு எட்டு மணிக்கு மாறியது. நேரலை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பில், நாங்கள் புலனம் என்று சொல்வோம், இரண்டு நிமிடக் குரல்பதிவும் ஒரு படமும் அனுப்புவேன். டேட்டா அதிகம் தின்னாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். பிள்ளைகள் எழுதி, படம் பிடித்து அனுப்புவார்கள். பத்தரை பதினொன்று வரை திருத்திக்கொண்டிருப்பேன். என் சொந்தப் பிள்ளைகள் அந்த நேரத்தில் தாங்களாகவே படுத்துத் தூங்கக் கற்றுக்கொண்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அப்புறம் ஒரு நாள் ஒரு பிள்ளையின் 'ப'. படத்தில் அச்சுப்போல இருந்தது. நட்சத்திரம் போட்டு அனுப்பினேன். மறுநாள் தற்செயலாக அவள் அக்கா, தங்கை எழுதுவதைக் காணொலியாக அனுப்பியிருந்தாள். பார்த்தால், இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு, கடைசியில் அடியில் குறுக்கே ஒன்று. மூன்று குச்சியை அடுக்கி வைத்திருக்கிறாள்! மேலிருந்து இறங்கி, வலப்பக்கம் நகர்ந்து, கை எடுக்காமல் மேலே ஏறவேண்டிய எழுத்து அது. அதைக் குச்சியாகப் பழகிவிட்டால் பின்னால் 'ம' வரும்போது கை தடுமாறும். வகுப்பாக இருந்தால் பின்னால் நின்று ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பேன். படம் முடிந்த எழுத்தைத்தான் காட்டுகிறது, கை போன வழியைக் காட்டுவதில்லை. அன்றிலிருந்து புதிய எழுத்து என்றால் பத்து வினாடிக் காணொலி கட்டாயம், முகம் வேண்டாம், கை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன்.

சரி, தவறு தெரிந்துவிட்டது, பக்கத்தில் இருந்து திருத்துவது யார்? அங்கேதான் பாட்டிமார்கள் வந்தார்கள். நிறைய வீடுகளில் அம்மாவும் வேலைக்குப் போகிறார், பாட்டிதான் பிள்ளையோடு இருக்கிறார். அந்தப் பாட்டிகளில் பலர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்று நான்கு ஆண்டாவது படித்தவர்கள். மலாய், ஆங்கிலப் பாடங்களுக்கு அவர்களால் உதவ முடியாது. தமிழ் எழுத்து தெரியும். நான் பாட்டிக்கென்றே தனியாகக் குரல்பதிவு அனுப்பத் தொடங்கினேன்: "பாட்டி, இன்னைக்கு 'ம'. அவன் கைமேல உங்க கைய வச்சு அஞ்சு தடவ எழுத வைங்க." ஒரு பாட்டி பதில் அனுப்பினார்: "அம்பது வருஷத்துக்கு அப்புறம் எழுதுறேன் டீச்சர், என் எழுத்தையும் பார்த்துச் சொல்லுங்க." அவர் எழுத்தைப் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுங்கின கோடு, ஆனால் தொடங்கவேண்டிய இடத்தில் சரியாகத் தொடங்கியிருந்தது. அவருக்கும் நட்சத்திரம் போட்டேன்.

கைப்பேசியே இல்லாதவர்களுக்கு, மே மாதம் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு, பயிற்சித் தாள்களை உறையில் போட்டுப் பெயர் எழுதி, பள்ளி ஜாகாவிடம் (காவலாளியிடம்) வைத்தேன். பெற்றோர் மோட்டாரில் வந்து எடுத்துப்போவார்கள். ஜூனில் கல்வி அமைச்சின் இணையவழிக் கற்றல் தளமான டெலிமா வந்தது. பெரிய வகுப்புகளுக்கு நல்ல உதவி. கடவுச்சொல்லைத் தட்டத் தெரியாத என் பிள்ளைகளுக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை.

நாங்கள் எல்லாரையும் எட்டிவிட்டோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் வகுப்பில் மூவரைக் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. எண் மாறிவிட்டது, வீடும் மாறியிருந்தது. அவர்களில் ஒருவன் ஜூலையில் வந்தபோது 'ஈ'யைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். ஜனவரியில் அவன் எழுதிய எழுத்து அது. அன்றிலிருந்து ஓய்வு நேரம் முடிந்ததும் அவனுக்கு மட்டும் இருபது நிமிடம், மறுபடி 'அ'விலிருந்து.

வெள்ளிக்கிழமைதோறும் எல்லாப் புத்தகமும் வீட்டுக்குப் போகவேண்டும் என்றும் அந்த மாதமே சொல்லிவிட்டேன். பை கனக்கிறது என்று சில பெற்றோர் குறைப்பட்டார்கள். நவம்பர் 9, திங்கட்கிழமை, நாடு முழுக்கப் பள்ளிகள் மறுபடி மூடின. அவன் அப்போது 'ந'வரை வந்திருந்தான். அவன் புத்தகம் அவன் வீட்டில் இருந்தது. அவன் பக்கத்து வீட்டு அக்காவின் எண் என்னிடம் இருந்தது. அன்று இரவு எட்டு மணிக்கு முதலில் அந்த எண்ணுக்குத்தான் போன் போட்டேன்.