சோறு ஓரத்துக்கு, காய் நடுவுக்கு: புத்தாண்டு பவுல் கேள்வி பதில்

ஜனவரி பிறந்ததும் காய்கறி பவுல் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் எட்டு வருடமாக மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டை: பவுல் என்றால் அவகாடோ, கினோவா எல்லாம் வாங்கணுமா அக்கா?

வேண்டவே வேண்டாம்மா. நம் தட்டில் சோறு மலையாக இருக்கும், பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி. அதை மாற்றிப் போடுங்கள், அதுதான் பவுல். பாதிக் கிண்ணம் காய், கால் பங்கு சோறு அல்லது சாமை, கால் பங்கு சுண்டல். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பாட்டுக்குக் கீரையோடு சேர்த்து 400 கிராம் காய்கறி என்று இருக்கிறது. ஒரு கிண்ணத்திலேயே 200 கிராம் உள்ளே போய்விடும். பொங்கல் நெருங்குகிறது, மொச்சை, அவரை, சக்கரவள்ளி எல்லாம் வரும் நேரம் இது.

வியாசர்பாடி: அத்தோவை பவுலாகச் செய்யலாமா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்! 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய நம் ஜனங்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் கலவை அது. கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், எலுமிச்சை எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. நூடுல்ஸை ஒரு கைப்பிடியாகக் குறைத்து, கோஸையும் கேரட்டையும் மூன்று கைப்பிடி போடுங்கள். கோஸை நூல் நூலாக அரிந்து, ஒரு சிட்டிகை உப்போடு ஒரு நிமிடம் பிசைந்தால் பச்சை வாடை போய் இளகி வரும்.

உயிர் பூண்டெண்ணெயில்தான். ஆறு பல்லை மெல்லிசாகச் சீவி, இரண்டு ஸ்பூன் கடலை எண்ணெயில் சிறு தீயில் விடுங்கள். ஓரம் லேசாக மஞ்சளிக்கும்போதே அடுப்பை அணைத்துவிடணும். மிச்சம் எண்ணெய்ச் சூட்டிலேயே சிவக்கும். சிவந்த பிறகு அணைத்தால் கசந்துவிடும். அப்புறம் பொட்டுக்கடலை மாவு, மிளகாய்த்தூள், வேகவைத்த கொண்டைக்கடலை. தட்டை மாதிரி மொறுமொறுவென்று இருக்கும் பேஜோவை மேலே ஒன்று நொறுக்கினால் போதும். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கட்டாயம் இருக்கட்டும்.

எண்ணூர்: ஷிப்ட் வேலை. காலை ஐந்துக்குக் கட்டினால் மதியம் நசநசவென்று ஆகிவிடுகிறது.

உப்புதான் காயிலிருந்து தண்ணீரை இழுக்கிறது தம்பி. உப்பு, எலுமிச்சை, வேர்க்கடலைப் பொடியைச் சின்ன டப்பாவில் தனியாகக் கொண்டுபோய், சாப்பிடும்போது கலந்துகொள்ளுங்கள். வெள்ளரியை முழுசாகவே எடுத்துப் போங்கள். சூடாக இருக்கும்போது மூடாதீர்கள். தேங்காய் மட்டும் வேண்டாம், மதியத்துக்குள் ஊசிப்போகும்.

திருவொற்றியூர்: அப்பாவுக்குச் சர்க்கரை, கிட்னியிலும் பிரச்சனை. கொடுக்கலாமா?

சர்க்கரை மட்டும் என்றால் கொடுக்கலாம்; சக்கரவள்ளி வைத்தால் அந்த அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள். கிட்னி என்றால் கீரை, கிழங்கு, பயறு எல்லாவற்றிலும் பொட்டாசியம் கணக்கு உண்டு. டாக்டரைக் கேட்காமல் ஒரு கரண்டிகூட மாற்றாதீர்கள்.

காசிமேடு: பையன் மீன் இருந்தால்தான் சாப்பிடுவான். காயைத் தொடமாட்டான்.

மீனுக்குத் தடவும் மசாலாவையே வாழைக்காய்க்குத் தடவுங்கள் அண்ணி. அரை விரல் கனத்தில் வெட்டி, முக்கால் வேக்காட்டில் எடுத்து, மிளகாய்த்தூள், மஞ்சள், புளிக்கரைசல் பூசிப் பத்து நிமிடம் வையுங்கள். தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று வரட்டும். முதல் நாள் மீனுக்குப் பக்கத்தில் இரண்டே துண்டு வையுங்கள். மூன்றாவதை அவனே கேட்கட்டும்.