கொடைக்கானலில் உறங்குவதும் கர்துங் லாவில் ஏறுவதும்

மதிப்பிற்குரிய ஐயா,

மதுரை திருநகரில் வசிக்கிறேன். வயது 44, வங்கிப் பணி. சில ஆண்டுகளாகச் சாலை சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிறுதோறும் அழகர்கோவில் போய்ப் பழமுதிர்சோலை வரை ஏறித் திரும்புவது வழக்கம். வரும் செப்டம்பரில் லடாக்கின் லே நகரிலிருந்து கர்துங் லா கணவாய்க்கு ஏறும் சைக்கிள் நிகழ்வு ஒன்றில் பெயர் கொடுத்திருக்கிறேன். விடுப்பு குறைவு என்பதால் நிகழ்வுக்கு இரண்டு நாள் முன்னதாகத்தான் விமானத்தில் லே போய் இறங்க முடியும். அதை ஈடுகட்ட, அதுவரை மாதம் இருமுறை கொடைக்கானலில் ஓர் இரவு தங்கி உடலைப் பழக்கலாம் என்றும், மூச்சுப் பயிற்சி முகமூடி ஒன்றை அணிந்து ஓட்டலாம் என்றும் எண்ணம். பூண்டு ரசம் உயரத்துக்கு நல்லது என்கிறார் நண்பர். மனைவிக்கோ இதெல்லாம் பயமாக இருக்கிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் திட்டத்தில் கால்களுக்கான பகுதி சரியாகிவிடும். நாட்களுக்கான பகுதிதான் சரியில்லை. இரண்டு நாளில் லே போய் இறங்கிக் கர்துங் லா ஏறுவதை நான் ஒப்பவே மாட்டேன். அந்த இரண்டு நாளும் அறையில் ஓய்வெடுக்க வேண்டிய நாட்கள்.

ஒரு கணக்கைப் பாருங்கள். லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கர்துங் லா 5,359 மீட்டர். (கணவாயில் நெடுங்காலம் நின்ற பலகை 18,380 அடி என்று சொல்லிவந்தது, பின்னாளைய அளவீடுகள் அதில் எண்ணூறு அடியைக் கழித்துவிட்டன. பலகையருகே படம் எடுத்துக்கொண்டவர்கள் மன்னிக்க.) ஆக நீங்கள் ஏறப்போவது சுமார் 1,850 மீட்டர், தொலைவு 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வத்தலக்குண்டிலிருந்து காட்ரோடு வழியாகக் கொடைக்கானல் ஏறினாலும் கிட்டத்தட்ட இதே உயரத்தைத்தான் ஏறுகிறோம். ஏற்றத்தின் அளவு ஒன்றே, காற்று ஒன்றல்ல. கீழே வாங்கிய சிப்ஸ் பொட்டலம் கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் உப்பிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். 2,100 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைப் போல நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல் இருக்கும்போதே அந்த நிலை என்றால், லேயில் அது மூன்றில் இரண்டு பங்கு, கர்துங் லாவில் பாதியைச் சற்றே தாண்டும். ஆக்சிஜனின் விகிதம் எங்கும் 21 சதவீதம்தான். அதை நுரையீரலுக்குள் தள்ளும் அழுத்தம்தான் குறைந்துவிடுகிறது. நன்கு பழகிய உடலுக்கும் அங்கே உழைப்புத் திறன் கால் பங்குக்குக் குறையாமல் சரியும்.

இந்தக் குறைவுக்கு உடல் இரண்டு வழியில் ஈடுகொடுக்கிறது. முதலாவது மூச்சு: உயரத்துக்குப் போன சில மணி நேரத்திலேயே மூச்சு ஆழமாகிறது, அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை ஏற, சிறுநீரகங்கள் காரப்பொருளான பைகார்பனேட்டை வெளியேற்றி அதைச் சமன்செய்யச் சில நாட்கள் எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவது இரத்தம்: சிவப்பணு உற்பத்தியைத் தூண்டச் சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்ட்டின் ஓரிரு நாளில் உயர்ந்துவிட்டாலும், சிவப்பணுக்கள் கணிசமாகப் பெருகுவதற்கு வாரங்கள் ஆகும். கொடைக்கானலில் ஓர் இரவு தங்கித் திங்கட்கிழமை காலை வங்கிக்கு வந்துவிடுகிறவருக்கு இரண்டில் எதுவும் நிகழாது. ஏதேனும் நிகழத் தொடங்கியிருந்தாலும் மதுரை வந்ததும் கலைந்துவிடும். தமிழகத்தில் மிக உயர்ந்த இடமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதால், லடாக்குக்கான ஒத்திகை மேடை நம் மாநிலத்தில் எங்குமே இல்லை. முகமூடி, மூச்சு இழுப்பதைக் கடினமாக்கும். உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தைக் குறைக்காது. கொடைக்கானல் விடுதிக்கு வைத்திருக்கும் பணத்தையும் நாட்களையும் லேயில் செலவிடுங்கள் என்பதே என் ஒரே வற்புறுத்தல்.

நம் மலைகளால் பயன் இல்லை என்று சொல்லவில்லை, அவை கால்களுக்கு. மதுரைச் சாலையில் எவ்வளவு ஓட்டினாலும் அவ்வப்போது மிதிக்காமல் உருண்டு இளைப்பாறுகிறோம். கர்துங் லா ஏற்றத்தில் நான்கைந்து மணி நேரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. வாரநாள் காலையில் பழமுதிர்சோலை ஏற்றத்தைத் திரும்பத் திரும்ப ஏறுங்கள். மாதத்தில் ஓரிரு முறை சிறுமலை, பிறகு போடிமெட்டு. மலையடிவாரத்து முந்தலிலிருந்து போடிமெட்டு வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் உயர்கிறோம். சரிவு சராசரி ஐந்து சதவீதத்தை ஒட்டியது, கர்துங் லா சாலைக்கும் அதே சராசரிதான். 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் உட்புற விளிம்பு திடீரென்று செங்குத்தாகும், எதிரே வண்டி இல்லாதபோது வெளிப்புறமாக அகன்று திரும்பினால் மூச்சு கலையாது. காலையில் ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விரையும். அவற்றுக்கு முன்னால் பாதி மலையைக் கடந்துவிடுவது நல்லது. உச்சியில் தேநீர் குடித்து இறங்கி, இன்னொரு முறை ஏறுங்கள். அந்த இரண்டாவது ஏற்றம்தான் பயிற்சி. அதை முழுக்க இருக்கையில் அமர்ந்தபடியே, ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிகிற வேகத்தில் ஏறப் பழகுங்கள். உயரத்தில் ஒரு நிமிடம் எழுந்து நின்று மிதித்தால், இழந்த மூச்சு திரும்ப அதைப் போலப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

கியரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மிதிக்கும் சக்தியை அளக்கும் வாட் கணக்கைவிட அது முக்கியம். முன்னால் உள்ள சிறிய பற்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ள பெரிய பற்சக்கரத்தில் குறைந்தது 34 பல் இருக்கட்டும். மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டரில் ஏறும்போதும் நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதிக்க அப்போதுதான் முடியும். பந்தயக்காரர்களின் 28 பல் கேசட்டை (பின்சக்கரப் பற்சக்கரத் தொகுதியை) ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

லேயில் எட்டு நாளாவது இருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் நடை மட்டும், படிக்கட்டுகூட நிதானமாக. மூன்றாம் நாள் சிந்து நதியை ஒட்டி ஷே, திக்சே வரை மெதுவாக ஓட்டலாம். ஐந்தாம் நாளை ஒட்டிக் கர்துங் லா சாலையில் தெற்கு புல்லு சோதனைச் சாவடி வரை ஏறி, அங்கே தங்காமல் இறங்கி லேயில் உறங்குங்கள். அதன்பின் ஒருநாள் முழு ஓய்வு. அசெட்டசோலமைடு மாத்திரை மூச்சுப் பழக்கத்தை விரைவுபடுத்தும் என்பது உண்மை. ஆனால் சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம் என்பதால் மருத்துவரே எழுதித் தர வேண்டும். அவரிடம் போகும்போதே இதயம், இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். பூண்டு ரசம் தாராளமாகக் குடிக்கலாம். பசி மந்திக்கும் ஊரில் உணவை உள்ளே இறக்க அது உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

மதுரைக்காரர்கள் மறந்துவிடுவது இறக்கத்தை. வியர்த்த பனியனோடு உச்சியை அடைந்து, உறையும் நிலைக்கு அருகிலான காற்றில் 1,850 மீட்டர் இறங்க வேண்டும். விரல்கள் மரத்துப்போனால் பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா என்பதே தெரியாது. முழு விரல் கையுறை, காற்றுத் தடுப்பு மேலாடை, உலர்ந்த மாற்றுச் சட்டை மூன்றும் முதுகுப்பையில் இருக்கட்டும்.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. அவரிடம் கீழ்க்கண்டவற்றைச் சொல்லி வையுங்கள். தலைவலியோடு குமட்டலும் இருந்தால் அது மலைநோய் என்றே கொள்ள வேண்டும், அன்று மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலோடு கால்விரலை ஒட்டி நேர்கோட்டில் நடக்கத் தள்ளாடினாலோ, இரவென்றும் பாராமல் உடனே கீழிறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். தினமும் மாலையில் தொலைபேசியில் அவர் இதை உங்களிடம் கேட்கட்டும். உயரத்தில் இருப்பவர் தன் நிலையைத் தானே எடைபோடுவது நம்பகமானதல்ல.

மேலாளரிடம் பத்து நாள் விடுப்பு கேளுங்கள். கிடைக்காவிட்டால் இந்த ஆண்டு லே வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாகத் தொட்டபெட்டா ஏறுங்கள். அது 2,300 மீட்டர், ஏறும் அளவில் கர்துங் லாவைவிட அதிகம். சிகரச் சாலை திறந்திருக்கும் நேரத்தை மட்டும் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.