விசுவாசத்தில் களைத்துப்போனவர்கள் கேட்ட கேள்விகள்

சோர்வு பற்றிக் கேளுங்கள் என்று சொன்னேன், குவிந்துவிட்டது. வேதமும் மிஷனரி வரலாறும்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும், அதற்குள் வருவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஐயா, ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். பிள்ளைகள் முன்னால் உற்சாகமாகப் பாடுகிறேன், வீட்டுக்கு வந்தால் வேதத்தைத் திறக்கவே மனமில்லை. நான் வேஷம் போடுகிறேனா?

இல்லை தங்கச்சி. 1 இராஜாக்கள் 19-ஐ நிதானமாகப் படித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைப் பார்த்த தீர்க்கதரிசி எலியா, அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறார். அவருக்கு முதலில் கிடைத்தது கண்டிப்பா? தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டார், தூங்கினார், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியே நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வருகிறது.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அவருடைய சீடன் எலிசா அழைக்கப்படுவது இதே அதிகாரத்தின் கடைசியில். அதாவது எலிசா கூட இருந்து பார்த்துக் கற்றுக்கொண்ட எலியா முழுக்க முழுக்க சூரைச்செடிக்கு அப்புறமான எலியா. சாக வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்த மனுஷனைத்தான் அவன் "நான் உம்மை விடுகிறதில்லை" என்று பிடித்துக்கொண்டான். உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படி ஓர் ஆசிரியை போதும். ஒரு மாதம் வேறொருவரை வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள், ஒன்றும் ஆகிவிடாது.

என் வழக்கமான எச்சரிக்கை: வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

ஜெபிக்க மனசே வரவில்லை. பாவமா?

இல்லை. சங்கீதம் 88-ஐ வாய்விட்டுப் படியுங்கள், ஒரு நல்ல வார்த்தையில்கூட முடியாத சங்கீதம் அது. இப்போதைக்கு அதுவே ஜெபம்.

பாஸ்டர், கிராம ஊழியத்தில் வருஷங்கள் ஓடிவிட்டன, ஒருவரும் வரவில்லை. பழைய மிஷனரிகள் எப்படித் தாங்கினார்கள்?

தம்பி, சிலர் தாங்கவில்லை, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிஷனரி அதோனிராம் ஜட்சன் 1813-ல் பர்மாவின் ரங்கூனில் இறங்கினார். முதல் ஞானஸ்நானம் 1819-ல்தான். 1824-ல் ஆங்கிலேயரோடு போர் மூண்டதும், அமெரிக்கரான அவரையும் ஒற்றன் என்று பிடித்து விலங்கு போட்டார்கள், ஒன்றரை வருஷத்துக்கு மேல் கைதி. 1826-ல் மனைவி ஆன் இறந்தார், சில மாதத்தில் சிறு குழந்தையும் போனது. அதற்குப் பிறகு மனிதர் உடைந்துபோனார். காட்டுக்குள் குடிசை போட்டுத் தனியாக இருந்தார், தனக்கென்று குழி வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், தேவனை விசுவாசிக்கிறேன் ஆனால் கண்டடைய முடியவில்லை என்று எழுதினார். பிரசங்கத்தில் இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டு நேரே 1834-ல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்ததற்குப் போய்விடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குழியைச் சொல்லாமல் 1834-ஐ மட்டும் சொன்னால் உங்களைப் போன்றவர்களுக்கு அது உதவாது, பாரம்தான் கூடும்.

மன்னிக்கவும் ஐயா, சோர்வை வெளியே சொல்லலாம் என்கிறீர்கள், ஆனால் மோசேயும் எலியாவும் புலம்பியது தேவனிடம், ஜனங்களிடம் இல்லை. மூப்பரே சபை முன்னால் "களைத்துவிட்டேன்" என்றால் இளம் விசுவாசிகள் இடறுவார்கள்.

நல்ல கேள்வி, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பவுலை என்ன செய்வீர்கள்? "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக" பாரம் வந்தது என்று 2 கொரிந்தியர் 1:8-ல் எழுதுகிறார். யாருக்கு? அவரையே குறை சொல்லிக்கொண்டிருந்த சபைக்கு. நீங்கள் அறியாதிருக்க எங்களுக்கு மனதில்லை என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறார், மூன்று வசனம் தள்ளி எங்களுக்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்றும் கேட்கிறார்.

(இடையில் ஒரு அக்கா) எங்கள் போதகர் கடைசிவரை எதையும் சொல்லவில்லை. ஒருநாள் ஊழியத்தையே விட்டுப் போய்விட்டார். சபை இடறியது அதில்தான்.

இதைத்தான் சொல்ல வந்தேன்.

(முந்தைய சகோதரர்) அப்படியானால் எல்லாவற்றையும் சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாமா?

கோபப்படாதீர்கள் பிரதர். கெத்செமனேயில் இயேசு பதினொரு பேரோடு போனார். "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று சொன்னது மூன்று பேரிடம். மற்றவர்களை இங்கே உட்காருங்கள் என்று விட்டுவிட்டார். அந்த மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள், ஆனாலும் திரும்பத் திரும்ப அவர்களிடம்தான் வந்தார். எனவே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம், ஆனால் மூன்று பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அந்த மூன்று பேர் இல்லாத ஊழியக்காரரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவர் கர்த்தர், நாம் மனுஷர். ஒப்பிடலாமா?

அவருக்கே துணை வேண்டியிருந்தது என்றால் நமக்கு? இதோடு இந்த விவாதத்தை விடுவோம், கீழே இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

ஜெபம் வரவில்லை, தேவன் என்மேல் கோபமாக இருக்கிறாரா?

மேலே பாருங்கள். சங்கீதம் 88.

முதுகுத்தண்டு பிரச்சினை, படுத்த படுக்கை. ஆலயம் போக முடியவில்லை. நான் யாருக்கு என்ன முன்மாதிரி?

அம்மா, டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். அங்கிருந்தே எழுதினார், பிள்ளைகள் ஒவ்வொருவராக அறைக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள். நீங்கள் புத்தகம் எழுத வேண்டாம். உங்களைப் பார்க்க வருகிற பிள்ளையிடம் இன்றைக்கு வலி அதிகம், சங்கீதம் ஒன்று நீயே வாசித்துக் காட்டு என்று கேளுங்கள். வலி நிவாரணி மாத்திரையை விசுவாசத்தின் பெயரால் நிறுத்த வேண்டாம், இது அதே பழைய எச்சரிக்கைதான்.

ஏசாயா 40:31-ஐ தினமும் அறிக்கையிடுகிறேன், கழுகைப்போல எழும்பவில்லையே?

அதே வசனத்தின் கடைசிப் பகுதி: "நடந்தாலும் சோர்வடையார்கள்." நடக்கிறீர்களா? அதுவும் அந்த வாக்குத்தத்தத்தில் உள்ளதுதான். பாதி வசனத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டாதீர்கள்.

ஜெபிக்க முடியவில்லை...

88.

தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகவா?

இன்றைக்கு அது இல்லை தம்பி. உங்கள் போதகரைக் கேளுங்கள்.