ஐகான்களைக் கோத்துப் பாடம் கட்டுவது: கேள்வி பதில்

ஐகான்களை வரிசையாக அடுக்கி ஊடாட்டப் பாடம் உருவாக்கும் மென்பொருள் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஆத்தர்வேர் பற்றிய கேள்விகள்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சார், எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆத்தர்வேரில் பாடம் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். பாடம் தெரிந்தவரே, நிரலாளர் துணையில்லாமல் கட்டிக்கொள்ளட்டும் என்பதுதான் இந்த முறையின் நோக்கமே. மேலிருந்து கீழாக ஒரு கோடு இருக்கும். ஃப்ளோலைன் என்பார்கள். படத்தையோ எழுத்தையோ காட்ட ஒரு ஐகான் (டிஸ்ப்ளே), அழிக்க ஒன்று, நகர்த்த ஒன்று (மோஷன்), காத்திருக்க ஒன்று என்று அந்தக் கோட்டில் இழுத்துப் போட வேண்டியதுதான். மென்பொருள் மேலிருந்து ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே இறங்கும்.

தொடங்குகிறவர்களுக்கு மிகவும் கைகொடுக்கிற ஒரு வசதி உண்டு. ஐகான்களை வெறுமனே போட்டுப் பெயர் மட்டும் வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். காலியான டிஸ்ப்ளே ஐகானில் ஓட்டம் நின்று, நிரப்பச் சொல்லித் திறந்துகொள்ளும். அதனால் முதலில் பாடத்தின் எலும்புக்கூட்டை மட்டும் கட்டலாம். உள்ளடக்கம் அப்புறம் வரட்டும்.

ஒரு அம்பு மட்டும் நகர வேண்டும். ஆனால் பின்னால் உள்ள படமும் சேர்ந்து நகர்கிறது. ஏன்?

இரண்டையும் ஒரே டிஸ்ப்ளே ஐகானில் வைத்திருக்கிறீர்கள். மோஷன் ஐகான் ஒரு தனிப் படத்தை நகர்த்தாது, அந்த ஐகானில் உள்ள எல்லாவற்றையும் நகர்த்தும். அம்பைத் தனி ஐகானில் வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பார்த்து இடம் ஒழுங்கு செய்ய, முதல் ஐகானைத் திறந்து மூடிவிட்டு, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி இரண்டாவதைத் திறந்தால் போதும்.

மாணவர் விடையைத் தட்டச்சு செய்கிற கேள்வி வைத்தேன். எது தட்டினாலும் தவறு என்றே சொல்கிறது, ஐயா.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்த மென்பொருளின் உயிரும் மாணவரிடம் பதில் வாங்கும் இன்டராக்‌ஷன் ஐகானில்தான் இருக்கிறது. அதன் வலப்பக்கம் நீங்கள் தொங்கவிடும் ஒவ்வொரு ஐகானும் மாணவர் தரக்கூடிய ஒரு பதில். அவை இடமிருந்து வலமாகச் சோதிக்கப்படும். எதைத் தட்டினாலும் ஏற்கும் நட்சத்திரக் குறியை இடது ஓரத்தில் வைத்திருப்பீர்கள். அது எல்லாப் பதிலையும் பிடித்துக்கொள்கிறது, சரியான விடை வரை போய்ச் சேர்வதே இல்லை. நட்சத்திரத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கடல் மட்டத்தில் நீர் எத்தனை டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பதில் ‘100|நூறு’. நடுவில் உள்ள நிமிர்ந்த கோட்டுக்கு ‘அல்லது’ என்று பொருள். இரண்டாவது ‘0’. அதைத் தட்டியவர் உறைநிலையோடு குழப்பிக்கொண்டவர், அவருக்கு அதையே எடுத்துச் சொல்லுங்கள். மூன்றாவது ‘212’. அவர் ஃபாரன்ஹீட்டில் யோசித்திருக்கிறார், விடை தெரிந்தவர்தான், அலகைத்தான் கவனிக்கவில்லை. நான்காவதாக நட்சத்திரம், பொதுவான ஒரு குறிப்போடு. சரியான விடைக்கு வெளியேறும் பாதை, மற்றவற்றுக்கு மீண்டும் முயலும் பாதை.

‘தவறு, மீண்டும் முயல்க’ என்று மட்டும் காட்டும் பாடத்தை நான் பாடமாகவே மதிப்பதில்லை. மாணவர் ஏன் அப்படி நினைத்தார் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதுவதுதான் இங்கே ஆசிரியரின் வேலை. அனிமேஷனுக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

பதில் வகை பதினொன்று இருக்கிறதே அண்ணா, எல்லாவற்றையும் கற்க வேண்டுமா?

வேண்டாம். பட்டன், திரையில் சொடுக்குவதற்கான பகுதியான ஹாட் ஸ்பாட், எழுத்துப் பதில், இழுத்து வைக்கும் டார்கெட் ஏரியா, இந்த நான்கே வெகுதூரம் கொண்டுபோகும். நிபந்தனை நிறைவேறினால் செயல்படும் கண்டிஷனல் வகையை, மதிப்புகளைச் சேமித்துவைக்கும் மாறிகள் பழகிய பிறகு எடுங்கள்.

பக்கங்களைப் புரட்ட உதவும் ஃப்ரேம்வொர்க் ஐகானைப் போட்டதும் திரையில் எட்டுப் பட்டன் வந்துவிட்டது. அப்படியே விடலாமா?

விடாதீர்கள். முந்தைய பக்கம், அடுத்த பக்கம், முதல், கடைசி, தேடல், வெளியேற்றம் என்று எல்லாம் சேர்ந்து வருவது ஒரு வசதிக்காக. ஐகானை இரட்டைச் சொடுக்கினால் உள்ளே அந்தப் பட்டன்கள் சாதாரண இன்டராக்‌ஷனாகவே இருக்கும். தேவையில்லாததை நீக்குங்கள். மூன்று பக்கப் பாடத்துக்குத் தேடல் பட்டன் எதற்கு?

என் கணினியில் நன்றாக ஓடுகிறது, வேறு கணினியில் பிழை காட்டுகிறது.

எக்ஸ்ட்ராஸ் கோப்புறை கூடப் போகவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். படம், ஒலி, திரைமாற்ற விளைவுகளைக் கையாளும் துணைக் கோப்புகள் அதில் இருக்கின்றன. வெளியே இணைத்த வீடியோக்களும் அதே கோப்புறை அமைப்பில் கூட இருக்க வேண்டும். நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அந்தக் கணினியில் உண்டா என்பதையும் பாருங்கள்.

இன்றைக்கு இதைக் கற்பதில் அர்த்தம் இருக்கிறதா, சார்? நேராகச் சொல்லுங்கள்.

புதிய பாடத்தை ஆத்தர்வேரில் தொடங்க வேண்டாம். 2003இல் வந்த ஏழாம் பதிப்புதான் கடைசிப் பெரிய பதிப்பு. 2005 இறுதியில், ஆத்தர்வேரை வெளியிட்டுவந்த மேக்ரோமீடியா நிறுவனத்தை அடோபி வாங்கியது, 2007இல் ஆத்தர்வேரை மேற்கொண்டு வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்தது. உலாவிகளும் பழைய செருகுநிரல்களைக் கைவிட்டதால் இணையத்தில் அந்தப் பாடங்கள் ஓடாது.

கைவசம் பழைய பாடங்கள் இருப்பவர்களுக்கும், வகுப்பில் இதுவே கொடுக்கப்பட்டிருப்பவர்களுக்கும் நிலைமை வேறு. அவர்கள் கற்பது வீண் போகாது. கிளை, மாறி, முயற்சி எண்ணிக்கை, பதிலுக்கேற்ற பின்னூட்டம் எல்லாமே இன்றைய கருவிகளிலும் அப்படியே வருகின்றன. ஊடாட்டப் பாடம் செய்யும் இன்றைய கருவிகளில் ஒன்றான எச்5பியின் கிளைக் காட்சி வகையைத் திறந்து பாருங்கள், பெட்டிகளும் கோடுகளும் பழகிய முகமாகத் தெரியும். அது திறமூலம். அடாப்ட், இஎக்ஸ்இலேர்னிங் இரண்டும் அப்படியே.

பழைய ஆத்தர்வேர் கோப்புகளைப் புதிய கருவிக்கு மாற்ற ஒரே சொடுக்கில் வழி உண்டா?

அப்படி எதையும் நம்பி இறங்காதீர்கள். மூலக் கோப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிறருக்குக் கொடுப்பதற்காகப் பேக்கேஜ் செய்த கோப்பைத் திருத்த முடியாது. மூலம் இருந்தால், பாடம் ஓடுகிற பழைய விண்டோஸ் ஒன்றை மெய்நிகர் கணினியில் (உங்கள் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில்) நிறுவிக்கொண்டு, ஒவ்வொரு ஃப்ளோலைனையும் திரைப்பிடிப்பு எடுங்கள். பல ஐகான்களை உள்ளே அடக்கிய மேப் ஐகான்களைத் திறந்து உள்ளே இருப்பதையும் சேர்த்துத்தான். படம், ஒலிக் கோப்புகளைத் தனியே எடுத்து வையுங்கள். கணக்கு ஐகான்களில் உள்ள நிரல் வரிகளை ஒரு உரைக் கோப்பில் ஒட்டி, எது எந்த ஐகானுடையது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி கட்டும்போது மதிப்பெண் எங்கே கூடுகிறது, எங்கே சுழியமாகிறது என்று அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.