லித்தியம் கார்பனேட்: வேதியியல் பேராசிரியர் பதில்கள்

கேள்வி: ஐயா, என் அம்மாவுக்கு பைபோலார் கோளாறு; மனம் பித்து நிலைக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய். 300 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “செல்போன் பேட்டரியில் போடுகிற மருந்தையா என்னைச் சாப்பிடச் சொல்கிறாய்?” என்று பயந்து, மாத்திரையை ஒளித்து வைத்துவிடுகிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: உப்பு ஒன்றுதான் என்பதை அம்மாவிடம் மறைக்காதீர்கள். பேட்டரித் தொழிற்சாலை வாங்குவதும் லித்தியம் கார்பனேட்தான்; மருந்துக்குப் போவது அதற்கான தூய்மைச் சோதனைகளைத் தாண்டி வருகிறது, அவ்வளவே. பேட்டரிக்குள் அந்த உப்பு அப்படியே உட்கார்ந்திருப்பதில்லை. இரும்பு பாஸ்பேட் போன்றவற்றோடு சேர்த்து உலையில் சுடும்போது கார்பனேட் பகுதி கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிடும். லித்தியம் வேறொரு சேர்மத்துக்குள் போய்விடும். பேட்டரி தீப்பிடிக்கும்போது கொழுந்துவிட்டு எரிவது உள்ளே இருக்கும் கரிமக் கரைப்பான். அம்மாவின் மாத்திரையிலுள்ள தூள் எரியவே எரியாது.

விழுங்கியதும் வயிற்று அமிலம் கார்பனேட்டைச் சிதைக்கிறது. ஒரு மாத்திரையிலிருந்து சுமார் 8 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) லித்தியம் அயனி கிடைக்கும். மருந்தாக வேலை செய்வது அந்த அயனிதான். பித்து நிலையில் இருந்த நோயாளிகள் லித்தியம் உப்பால் அமைதியடைவதை 1949-இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் எழுதி வெளியிட்டார். அந்தக் கண்டுபிடிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். பல ஆண்டுகள் மருத்துவமனையே கதியென்று கிடந்தவர்களுக்கு அது வழி திறந்தது.

அதே 1949-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய தவறும் நடந்தது. உப்பைக் குறைக்க வேண்டிய இதய நோயாளிகளுக்கு, சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடு விற்றார்கள். சிலர் இறந்தார்கள், விற்பனை நிறுத்தப்பட்டது. காரணம் சிறுநீரகத்தில் இருக்கிறது. சோடியத்தை மீட்டுக்கொள்ளும் இடத்தில் சிறுநீரகம் லித்தியத்தையும் சேர்த்தே மீட்டுக்கொள்கிறது. உடலில் சோடியமோ நீரோ குறைந்தால் அந்தப் பிடி இறுகும். லித்தியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறும். உப்பை நிறுத்தியவர்களுக்கே லித்தியத்தைக் கொடுத்ததுதான் அங்கே வினையாயிற்று.

அம்மாவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை என்பது வழக்கமான சிகிச்சை அளவு. 1.5-ஐத் தாண்டினால் நச்சுத்தன்மை தலைகாட்டலாம். இடைவெளி எவ்வளவு குறுகல் பாருங்கள். அதனால்தான் ரத்தப் பரிசோதனை. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் அவ்வப்போது பார்ப்பார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வியர்வை என்றால் உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். திடீரென்று சாப்பாட்டு உப்பைக் குறைக்க வேண்டாம். ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும், சிறுநீர் பிரியக் கொடுக்கும் சில மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும். கேட்காமல் வாங்கிப் போடாதீர்கள். கை அதிகமாக நடுங்கினால், பேச்சு குழறினால், நடை தள்ளாடினால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் அதிகம் என்பதையும் அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் வேதியியல் மாணவி. லித்தியம் கார்பனேட்டைக் குளிர்ந்த நீரில் கரைத்து, தெளிவான கரைசலைக் கொதிக்க வைத்தேன். அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. தூளில் கலப்படமா?

பதில்: தூள் சுத்தமானது. நீங்கள் பார்த்தது இந்த உப்பின் மிக அழகான குணம். 100 மில்லிலிட்டர் நீரில் 20 டிகிரியில் சுமார் 1.33 கிராம் கரையும். 100 டிகிரியில் சுமார் 0.72 கிராம்தான். சோடியம் கார்பனேட்டோ 20 டிகிரியிலேயே 21 கிராமுக்கு மேல் கரையும். லித்தியம் கார்பனேட் கரையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆகவே சூடாக்கினால் சமநிலை பின்னோக்கி நகர்ந்து, கரைந்தது திடமாகத் திரும்பிவிடும். மாற்றத்தை எதிர்க்கும் பக்கமாகச் சமநிலை நகரும் என்ற லே சாட்டலியர் தத்துவத்தைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட அந்தக் குடுவையில் பார்ப்பது மேல்.

இதை வைத்தே ஒரு தொழில் நடக்கிறது. சிலியின் அட்டகாமா உப்புப் பாலைவனத்தில் உவர்நீரை மாதக்கணக்கில் வெயிலில் வற்றவைத்து, மெக்னீசியத்தை நீக்கியபின், சூடான நிலையில் சோடியம் கார்பனேட் சேர்க்கிறார்கள். சூட்டில் குறைவாகக் கரைவதால் லித்தியம் கார்பனேட் வீழ்படிவாக இறங்கும். அதைக் கழுவுவதும் வெந்நீரில்தான். தண்ணீர் ஆறியிருந்தால் பொருளும் சேர்ந்து போய்விடும். நீங்களும் வடிகட்டும்போது ஆறவிடாதீர்கள்.

முடிந்தால் இன்னொன்றும் செய்துபாருங்கள். தூளை நீரில் கலக்கி, பால் போன்ற அந்தக் கலவைக்குள் கார்பன் டை ஆக்சைடைக் குமிழ்குமிழாக விடுங்கள். மெல்லத் தெளியும், கரையக்கூடிய பைகார்பனேட்டாகிவிட்டது. வடிகட்டிச் சூடாக்கினால் வாயு பிரிந்து, முன்பைவிடத் தூய்மையான கார்பனேட் படியும். உயர்தர உப்பைத் தயாரிக்கத் தொழிற்சாலைகளும் கையாளும் முறை இது. என் மாணவர்களை வடிதாளில் சேரும் அந்தப் படிகங்களை உருப்பெருக்கியில் பார்க்கச் சொல்வேன்.

கேள்வி: மண்பாண்ட மெருகுக் கலவையில் லித்தியம் கார்பனேட் சேர்க்கச் சொல்கிறார்கள். எதற்கு?

பதில்: 723 டிகிரியிலேயே உருகி மற்ற பொருள்களையும் உருகத் தூண்டும், நிறங்கள் எடுப்பாக வரும். மெருகின் வெப்ப விரிவையும் குறைக்கும். அளவு மீறினால் விளிம்புகளில் மெருகு சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். ஓரளவு நீரில் கரைவதால், கலவையை நாள்கணக்கில் வைத்தால் வாளியில் படிகம் கட்டும். தேவைக்கு மட்டும் கலக்குங்கள். நிறைய தேவைப்பட்டால் லித்தியம் உள்ள ஸ்போடுமீன் தாதுப்பொடி நல்லது, அது நீரில் கரையாது. எடை போடும்போது முகமூடி கட்டாயம்; தூசியை விழுங்கினாலும் உடலுக்குள் போவது முதல் பதிலில் சொன்ன அதே லித்தியம்தான்.